கணினி முடங்கிப் போனால்: எங்கே நின்றது என்று கண்டுபிடித்துச் சரிசெய்யும் முழுமையான வழிகாட்டி

சுவிட்சைத் தட்டினால் ஒன்றும் நடக்கவில்லை என்றாலும், வேலைக்கு நடுவில் சுட்டி அப்படியே நின்றுவிட்டாலும் நாம் சொல்வது ஒரே வாக்கியம்: “கம்ப்யூட்டர் ஹேங் ஆயிடுச்சு.” கடைக்காரரிடமும் அதையே சொல்கிறோம். அவரும் “விண்டோஸ் மறுபடி போட்டா சரியாயிடும்” என்கிறார். முதல் கோளாறு பெரும்பாலும் மின்சாரத்தில் இருக்கும். இரண்டாவது பல நேரம் ஹார்ட் டிஸ்கிலோ சூட்டிலோ ரேம் என்ற தற்காலிக நினைவகத்திலோ இருக்கும். விண்டோஸை மறுபடி போடுவது இந்த இரண்டில் எதையும் தீர்க்காது. பிள்ளைகளின் படங்கள் மட்டும் அழிந்துபோகும்.

எனவே ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுக்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள்: கணினி எந்தப் படியில் நின்றது? எந்தக் கணினியும் ஒரே வரிசையில்தான் எழும். சுவரிலிருந்து மின்சாரம் பவர் சப்ளைக்கு வருகிறது. அது எல்லாப் பாகங்களையும் இணைக்கும் மதர்போர்டு என்ற பெரிய பலகைக்கு உயிர் கொடுக்கிறது. மதர்போர்டு ப்ராசஸர், ரேம், கிராபிக்ஸ் மூன்றும் இருக்கின்றனவா என்று தானே சோதித்துக்கொள்கிறது. பிறகு திரையில் கம்பெனிச் சின்னம் வருகிறது. அடுத்து ஹார்ட் டிஸ்கைத் தேடி விண்டோஸை ஏற்றுகிறது. கடைசியில் கடவுச்சொல் கேட்டு முகப்புத் திரையைக் காட்டுகிறது. சின்னம் திரையில் தெரிந்தால், அதற்கு முந்தைய படிகள் எல்லாம் வேலை செய்கின்றன என்று அர்த்தம். அவற்றில் கை வைக்க வேண்டாம்.

ஒரு தாளில் நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: விளக்கு எரிகிறதா, காற்றாடி சுற்றுகிறதா, திரையில் ஏதாவது எழுத்து வருகிறதா, கடைசியாக என்ன மாற்றினோம். கடைசிக் கேள்விக்குப் பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. புதிய ரேம், புதிய பிரிண்டர், நேற்று இரவு வந்த அப்டேட், வீடு மாறியபோது லாரியில் குலுங்கியது, எதுவானாலும் எழுதுங்கள்.

வேலைக்கு நடுவில் உறைந்து நின்றால்

பவர் பட்டனை உடனே அழுத்திப் பிடிக்காதீர்கள். முதலில் கீபோர்டில் கேப்ஸ் லாக்கைத் தட்டுங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் விண்டோஸ் உள்ளே உயிரோடு இருக்கிறது; ஏதோ ஒரு புரோகிராம்தான் சிக்கியிருக்கிறது. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். “பதிலளிக்கவில்லை” என்று காட்டும் புரோகிராமைத் தேர்ந்தெடுத்து நிறுத்துங்கள்.

திரை மட்டும் கறுப்பாகவோ கோடு கோடாகவோ உறைந்திருந்தால் விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றோடு பி (B) எழுத்தையும் சேர்த்துத் தட்டுங்கள். திரை ஒரு கணம் இமைத்து, சிறு ஒலி கேட்கும். திரையில் படத்தைக் காட்டும் மென்பொருளான கிராபிக்ஸ் டிரைவர் அந்த இடத்திலேயே புதிதாகத் தொடங்கும். சேமிக்காத கட்டுரை திறந்த நிலையில் இருக்கும்போது இந்த நான்கு பட்டன்கள் பலமுறை காப்பாற்றியிருக்கின்றன.

கேப்ஸ் லாக் விளக்கு அசையவில்லை, ஆனால் ஹார்ட் டிஸ்க் விளக்கு விடாமல் எரிகிறது என்றால் ஐந்து நிமிடம் பொறுங்கள். பழைய சுழலும் டிஸ்க் உள்ள கணினிகளில் அப்டேட் இறங்கும் நேரத்தில் இப்படித்தான் மூச்சு முட்டும். ஐந்து நிமிடத்துக்குப் பிறகும் அசைவில்லை என்றால் பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து அணையுங்கள். சுவர் சுவிட்சை நேரடியாகத் தட்டி அணைப்பது கடைசி வழி.

திரை முழுக்க “உங்கள் கணினியில் வைரஸ், இந்த எண்ணுக்கு உடனே அழையுங்கள்” என்று சத்தத்தோடு வந்தால் அது முடக்கமே இல்லை. முழுத்திரையில் திறந்த ஓர் இணையப் பக்கம், அவ்வளவுதான். ஆல்ட், எஃப் 4 தட்டி மூடுங்கள். மூடவில்லை என்றால் டாஸ்க் மேனேஜரில் பிரவுசரையே நிறுத்துங்கள். அந்த எண்ணுக்கு அழைக்காதீர்கள். வீட்டில் யாராவது ஏற்கெனவே அழைத்துப் பணமும் அனுப்பிவிட்டார்கள் என்றால் உடனே வங்கிக்கும், மலேசியாவின் தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண்ணான 997க்கும் அழையுங்கள். இதில் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

விளக்கே எரியாவிட்டால்

இங்கே அவசரப்படாமல் சுவரிலிருந்து உள்ளே வரவேண்டும். அதே பிளக் பாயிண்டில் ஒரு மேசை விளக்கைப் போட்டுப் பாருங்கள். விளக்கு எரிந்தால் அடுத்து எக்ஸ்டென்ஷனை ஒதுக்கிவிட்டுக் கணினியை நேராகச் சுவரில் செருகுங்கள். நம் மூன்று முனை பிளக்குக்குள்ளேயே ஒரு ஃபியூஸ் இருக்கிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பிளக்கின் அடிப்பக்கத்தில் இருக்கும் சிறு மூடியைத் தட்டையான ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் சிறு உருளைபோல் ஒரு ஃபியூஸ் வெளியே வரும். ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு கருவியின் பிளக்கில் உள்ள, அதே ஆம்பியர் ஃபியூஸை மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஃபியூஸ் போன இடத்தில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிப் போடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அது வீட்டைக் கொளுத்தும். செய்யவே கூடாது.

கணினியின் பின்பக்கம் பவர் சப்ளையில் ஒரு சிறிய சுவிட்ச் இருக்கும். கோடு பக்கம் அழுந்தியிருந்தால் ஆன், வட்டம் பக்கம் அழுந்தியிருந்தால் ஆஃப். துடைக்கும்போது கை பட்டு ஆஃப் ஆகியிருக்கலாம். பழைய பவர் சப்ளையில் 115, 230 என்று இன்னொரு சிவப்பு சுவிட்சும் இருக்கும். நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அந்த சுவிட்சு 115ல் இருக்கும்போது சுவரில் செருகினால் ஒரே வெடிச் சத்தத்தோடு பவர் சப்ளை போய்விடும். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த பழைய கணினியை முதன்முறை செருகும் முன் இதைப் பார்த்தே ஆகவேண்டும்.

இவை எல்லாம் சரி என்றால் சுவர் சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றி, பவர் பட்டனைப் பதினைந்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தங்கியிருக்கும் மின்சாரம் வடியும். மறுபடி செருகி முயலுங்கள். மின்வெட்டுக்குப் பிறகு எழ மறுத்த கணினிகளில் பல இந்த ஒரு வேலையிலேயே எழுந்துவிடும். ஒரு கோளாறைக் கண்ட பவர் சப்ளை தன்னைத் தானே பூட்டிக்கொள்ளும். முழுக்க வடிந்தால்தான் பூட்டுத் திறக்கும்.

இன்னும் எழவில்லையா? பிளக்கைக் கழற்றிவிட்டுப் பக்கவாட்டுத் தகட்டைத் திறங்கள். பிறகு பிளக்கைச் செருகி, உள்ளே கை வைக்காமல் மதர்போர்டைப் பாருங்கள். பல போர்டுகளில், கணினி அணைந்திருக்கும்போதும் ஒரு சிறு விளக்கு எரியும். அது எரிந்தால் காத்திருப்பு மின்சாரம் வருகிறது; சந்தேகம் முன்பக்கப் பட்டன் மீது திரும்புகிறது. பட்டனிலிருந்து வரும் மெல்லிய இரட்டைக் கம்பி மதர்போர்டின் ஓரத்தில் இரண்டு ஊசிகள் மீது செருகியிருக்கும். அந்தச் செருகியைக் கழற்றி, அதே இரண்டு ஊசிகளை மட்டும் ஸ்குரூ டிரைவர் முனையால் ஒரு கணம் தொட்டு விடுங்கள். கணினி எழுந்தால் பட்டன்தான் கெட்டது. ரீசெட் பட்டனின் கம்பியை அந்த இடத்தில் மாட்டிவிட்டால் காசு செலவில்லாமல் வேலை முடிந்தது.

விளக்கும் இல்லை, ஊசியைத் தொட்டும் அசைவில்லை என்றால் பவர் சப்ளை மீது சந்தேகம் வலுக்கிறது. மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்தவர்கள் பிளக்கைக் கழற்றிவிட்டு, 24 முனைச் செருகியை மதர்போர்டிலிருந்து உருவி, பச்சைக் கம்பியின் துளையையும் பக்கத்துக் கறுப்புக் கம்பியின் துளையையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணையுங்கள். பிறகு செருகி சுவிட்சைப் போட்டால் பவர் சப்ளையின் காற்றாடி சுற்றவேண்டும். மஞ்சள் கம்பியில் 11.4 முதல் 12.6 வோல்ட் வரை, சிவப்பில் 4.75 முதல் 5.25 வரை, ஆரஞ்சில் 3.14 முதல் 3.47 வரை காட்டவேண்டும். இந்த எல்லைக்கு வெளியே போனால் மாற்றவேண்டியதுதான். அளவு சரியாக வந்தாலும் முழு நம்பிக்கை வைக்க முடியாது. சுமை ஏறும்போது மட்டும் தளர்கிற பவர் சப்ளைகளும் உண்டு. பெரிய கம்பெனிகள் முழுதாக விற்கும் டெஸ்க்டாப்களில் பல, செருகி அமைப்பையே மாற்றி வைத்திருக்கின்றன. அவற்றிலும், எல்லாக் கம்பியும் கறுப்பாக இருக்கும் புதிய வகைகளிலும், எந்தத் துளை எது என்று உறுதியாகத் தெரியாமல் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள்.

பவர் சப்ளையின் இரும்புப் பெட்டியை மட்டும் திறக்கவே வேண்டாம். 230 வோல்ட் மாறுமின்சாரம் உள்ளே நேர்மின்சாரமாகும்போது 325 வோல்ட் அளவுக்கு ஏறி, மின்சாரத்தைச் சேமிக்கும் கெப்பாசிட்டர் என்ற பாகத்தில் தங்கியிருக்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் அது உடனே போகாது. உள்ளே கருகிய பல்லி தெரிந்தாலும் சரி, எறும்புக் கூடு தெரிந்தாலும் சரி, பெட்டியோடு மாற்றுங்கள்.

இடி மழைக்குப் பிறகு

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடி எப்படி இறங்கும் என்று சொல்லத் தேவையில்லை. இதைத் தனியாக எழுதக் காரணம், பாதிப்பேர் ஒரு வாசலை மட்டும் அடைத்துவிட்டு இன்னொன்றைத் திறந்து விடுகிறார்கள். மின்சாரப் பிளக்கைக் கழற்றுவார்கள். ரவுட்டரிலிருந்து வரும் லேன் கேபிள் செருகியபடியே இருக்கும். வீட்டுக்குள் வரும் ஃபைபர் கண்ணாடி இழை. அதன் வழியே இடி மின்சாரம் வராது. ஆனால் ரவுட்டரின் அடாப்டர் சுவரில் இருக்கிறது. அந்த வழியே ஏறிய மின்சாரம் செப்பு லேன் கேபிளில் புகுந்து மதர்போர்டைத் தொடும். வானம் கறுக்கும்போதே இரண்டையும் கழற்றுங்கள்.

இடிக்குப் பிறகு கணினியைச் செருகினாலே, மின்கசிவைக் கண்டு மின்சாரத்தை நிறுத்தும் வீட்டின் இஎல்சிபி சுவிட்ச் கீழே விழுகிறது என்றால் பவர் சப்ளைக்குள் மின்கசிவு. மறுபடி மறுபடி தூக்கிவிட்டுப் பார்க்காதீர்கள். அந்தப் பவர் சப்ளையை ஒதுக்குங்கள். கணினி ஓடுகிறது, இணையம் மட்டும் வரவில்லை என்றால் லேன் பகுதி மட்டும் கருகியிருக்கலாம். மலிவாகக் கிடைக்கும் யூஎஸ்பி லேன் அடாப்டர் அதற்குப் போதும், மதர்போர்டை மாற்றவேண்டாம்.

கணினியின் இரும்புப் பெட்டியைத் தொட்டால் விரலில் மெல்லக் கிள்ளுவதுபோல் இருக்கிறதா? அப்படியானால் எர்த் வரவில்லை. இரண்டு முனை பிளக்கைப் போடுவதற்காக மேல் துளையில் பேனா மூடியைத் திணிக்கும் வீடுகளிலும், மலிவான எக்ஸ்டென்ஷனிலும் இது சகஜம். எர்த் இல்லாமல், திடீர் மின்னேற்றத்தைத் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டரும் தன் வேலையை முழுதாகச் செய்ய முடியாது. மலேசியத் தர நிறுவனமான சிரிமின் முத்திரை உள்ள எக்ஸ்டென்ஷன் வாங்குங்கள். சுவர் பாயிண்டிலேயே எர்த் இல்லை என்றால் உரிமம் பெற்ற வயர்மேனை அழையுங்கள்.

காற்றாடி சுற்றுகிறது, திரை கறுப்பு

இந்த நிலையில்தான் நல்ல கணினிகளைக் கெட்டது என்று ஒதுக்குகிறார்கள். முதலில் திரையைச் சந்தேகியுங்கள். மானிட்டரின் பட்டனை அழுத்தினால் அதன் சொந்த மெனு வருகிறதா? வந்தால் மானிட்டர் நலம். அடுத்து கேபிள் எங்கே செருகியிருக்கிறது? தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினியில் எச்டிஎம்ஐ துளை இரண்டு இடத்தில் இருக்கும். யூஎஸ்பி துளைகளுக்கு நடுவே இருப்பது மதர்போர்டுடையது. கீழே குறுக்காகப் படுத்திருப்பதுதான் கார்டுடையது, அதில்தான் செருகவேண்டும். வீட்டைச் சுத்தம் செய்து கம்பிகளை மறுபடி மாட்டிய அடுத்த நாள் வரும் “படம் வரல” புகாரில் இதை முதலில் பாருங்கள்.

அது சரி என்றால் ரேம். மதர்போர்டில் எழுதியுள்ள நான்கு சிறு விளக்குகளைக் கவனியுங்கள்: சிபியு, டிரேம், விஜிஏ, பூட். பல புதிய போர்டுகளில் இவை இருக்கும். எதில் நின்று எரிகிறதோ அந்தப் பகுதியில் சிக்கல். பழைய போர்டுகளில் பீப் ஒலி இதே வேலையைச் செய்யும். ஒலியின் அர்த்தம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் போர்டின் கையேட்டைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

ரேமைச் சுத்தம் செய்வது எப்படி என்று சற்று விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் நம் ஊர்க் காற்றில் இதுதான் அதிகம் பலன் தருவது. தஞ்சோங் தோகோங், பத்து ஃபெரிங்கி போன்ற கடலோர வீடுகளில் உப்புக் காற்று ரேமின் தங்கமுலாம் பூசிய பற்களின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தைப் போட்டுவிடும்.

1. சுவர் சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றி, பவர் பட்டனைப் பதினைந்து விநாடி அழுத்துங்கள்.
2. பெட்டியின் இரும்புப் பகுதியைக் கையால் தொடுங்கள். உடலில் இருக்கும் நிலைமின்சாரம் அதில் இறங்கிவிடும்.
3. ரேமின் இரு முனையிலும் உள்ள கொக்கியை வெளிப்பக்கமாகத் தள்ளுங்கள். சில போர்டுகளில் ஒரு பக்கம் மட்டுமே கொக்கி இருக்கும். ரேம் தானே மேலே எழும். விளிம்பைப் பிடித்து நேராக எடுங்கள். சிப்பையும் பற்களையும் தொடவேண்டாம்.
4. மென்மையான வெள்ளை ரப்பரால் பற்களை மேலிருந்து கீழாக, ஒரே திசையில், லேசாகத் தேயுங்கள். அழுத்தினால் முலாம் போய்விடும். ரப்பரில் கறுப்புக் கோடு படிவதைப் பார்ப்பீர்கள். அதுதான் அந்தப் படலம். துகள்களை ஊதாமல் காய்ந்த பிரஷால் தட்டிவிடுங்கள். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் படும்.
5. ஒரே ஒரு ரேமை மட்டும், போர்டின் கையேடு சொல்லும் துளையில் செருகுங்கள். நான்கு துளை உள்ள போர்டில் பெரும்பாலும் அது ப்ராசஸரிலிருந்து இரண்டாவது. நடுவில் உள்ள வெட்டு பொருந்துகிறதா என்று பார்த்து, இரு கட்டைவிரலாலும் சமமாக அழுத்துங்கள். கொக்கி “டக்” என்று மூடும்வரை அது உட்காரவில்லை.
6. எழவில்லை என்றால் அதே துளையில் அடுத்த ரேம். அதுவும் இல்லை என்றால் வேறு துளை.

இப்படி ஒவ்வொன்றாகப் பார்த்தால் கெட்டது ரேமா, துளையா என்பது தெளிவாகும். நான்கையும் ஒன்றாகக் கழற்றி ஒன்றாகச் செருகினால், எழுந்தாலும் காரணம் தெரியாது. அடுத்த மாதம் மறுபடி நிற்கும்.

டிடிஆர் 5 ரேம் உள்ள புதிய கணினி வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ரேமை மாற்றிய பிறகு, அல்லது கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருளான பயாஸை அப்டேட் செய்த பிறகு, முதல் முறை எழும்போது மதர்போர்டு ரேமைப் பழக்கிக்கொள்ளும். அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும். பல நிமிடம் பிடிக்கலாம். ஒரு நிமிடத்தில் பொறுமையிழந்து அணைத்தால் மறுபடி முதலிலிருந்து. பதினைந்து நிமிடம் விட்டு வைத்துவிட்டு ஒரு தேத்தண்ணி குடித்து வாருங்கள்.

ரேமிலும் தீரவில்லை என்றால் மதர்போர்டில் நாணயம்போல் இருக்கும் சிஆர் 2032 பேட்டரியைக் கழற்றி, பத்து நிமிடம் கழித்துப் போடுங்கள். பயாஸ் அமைப்புகள் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பும். அந்த பேட்டரி 3 வோல்ட். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தேதி பல ஆண்டு பின்னால் போகிறது, வங்கிப் பக்கங்கள் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டித் திறக்க மறுக்கின்றன என்றால் அது தீர்ந்துவிட்டது. புதிதாக ஒன்று போடுங்கள். பிறகு ப்ராசஸருக்குப் பக்கத்தில் 4 அல்லது 8 முனைச் செருகி முழுதாக உட்கார்ந்திருக்கிறதா, கிராபிக்ஸ் கார்டின் பவர் செருகி தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ப்ராசஸர் செருகி இல்லாவிட்டாலும் காற்றாடிகள் சுற்றும், விளக்கு எரியும், ஆனால் படம் வராது.

கெப்பாசிட்டர்களையும் ஒரு பார்வை பாருங்கள். சிறு உருளைகளாக நிற்கும் அவற்றின் தலை தட்டையாக இருக்கவேண்டும். பூரிபோல் உப்பியிருந்தாலோ, பழுப்புப் பிசின் கசிந்திருந்தாலோ அந்தப் போர்டின் ஆயுள் முடிகிறது.

மடிக்கணினி என்றால்

சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பவர் பட்டனை முப்பது விநாடி அழுத்திப் பிடித்து, பிறகு சார்ஜரோடு முயலுங்கள். திரை கறுப்பு, ஆனால் காற்றாடி ஓடுகிறது என்றால் இருட்டில் கைப்பேசி டார்ச்சைத் திரையில் சாய்வாக அடியுங்கள். மங்கலாக எழுத்து தெரிந்தால் பின்விளக்கு மட்டும்தான் போயிருக்கிறது. எச்டிஎம்ஐ வழியாக வீட்டு டிவியில் மாட்டி வேலையைத் தொடரலாம். டைப் சி சார்ஜர் உள்ள மடிக்கணினிக்குப் பெரும்பாலும் 45 அல்லது 65 வாட் வேண்டும். பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் வாங்கிய 18 வாட் கைப்பேசி சார்ஜர் துளையில் பொருந்தும், ஆனால் முழுக்க இறங்கிய பேட்டரியை எழுப்பாது.

டச்பேட் மேலே எழும்பியிருந்தாலோ, மூடினால் நடுவில் இடைவெளி தெரிந்தாலோ பேட்டரி வீங்கியிருக்கிறது. உடனே அணையுங்கள், சார்ஜ் போடாதீர்கள், அழுத்தி உள்ளே தள்ளாதீர்கள், குத்தாதீர்கள். பேட்டரியைக் கடைக்காரர் கழற்றட்டும். பழைய பேட்டரியையும் போர்டையும் குப்பைத்தொட்டியில் போடக்கூடாது. மின்னணுக் கழிவு நம் நாட்டில் எஸ்டபிள்யூ 110 என்ற அட்டவணைக் கழிவு வகையில் வருகிறது; அதற்கான சேகரிப்பு மையத்தில்தான் கொடுக்கவேண்டும்.

சின்னம் வருகிறது, அதற்கு மேல் போகவில்லை

எல்லா யூஎஸ்பியையும் கழற்றுங்கள்: பென் டிரைவ், பிரிண்டர், வெளி டிஸ்க் எல்லாம். கீபோர்டும் சுட்டியும் மட்டும் போதும். செருகி மறந்த பென் டிரைவிலிருந்து எழ முயன்று நிற்கும் கணினிகள் உண்டு.

பிறகு மீட்புத் திரைக்குப் போகவேண்டும். விண்டோஸ் ஏறும் நேரத்தில் பவர் பட்டனைப் பிடித்து அணைப்பதை இரண்டு, மூன்று முறை தொடர்ந்து செய்தால் அது தானாகவே பழுதுபார்க்கும் திரையைக் காட்டும். டிஸ்க் விளக்கு விடாமல் எரிந்தாலோ, டிஸ்கில் சத்தம் வந்தாலோ, “அப்டேட் நடக்கிறது” என்று சதவீதம் ஓடிக்கொண்டிருந்தாலோ இதைச் செய்யவேண்டாம். அப்டேட்டுக்கு ஓர் இரவு முழுக்க அவகாசம் கொடுங்கள்.

மீட்புத் திரையில் ட்ரபிள்ஷூட், அதற்குள் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ். நாங்கள் பரிந்துரைக்கும் வரிசை இது: முதலில் ஸ்டார்ட்அப் ரிப்பேர். தீரவில்லை என்றால், சிக்கல் அப்டேட்டுக்குப் பிறகு வந்திருந்தால், அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ். அடுத்து சிஸ்டம் ரிஸ்டோர். அதன்பின் ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் போய் எண் 4ஐத் தட்டினால், தேவையானவற்றை மட்டும் ஏற்றும் சேஃப் மோட். சேஃப் மோடில் கணினி நன்றாக ஓடினால் குற்றவாளி பெரும்பாலும் ஒரு டிரைவர் அல்லது தானாகத் தொடங்கும் புரோகிராம். கடைசியாகப் போட்டதை அங்கிருந்தே நீக்குங்கள். “ரீசெட் திஸ் பிசி” என்ற தேர்வை இப்போது தொடவேண்டாம்.

இந்த இடத்தில் விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர் 48 இலக்க எண்ணைக் கேட்டால் பதற்றம் வேண்டாம். விண்டோஸ் 11 உள்ள பல மடிக்கணினிகளில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். கைப்பேசியில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், கருவிகள் பட்டியலில் மீட்பு எண் கிடைக்கும். திரையில் தெரியும் அடையாள எண்ணின் முதல் எட்டு எழுத்தோடு ஒப்பிட்டுச் சரியானதைப் போடுங்கள். அந்த எண் இல்லாமல் எந்தக் கடையாலும் அந்த டிஸ்கைத் திறக்க முடியாது. கணினி நன்றாக இருக்கும் இன்றே அதைத் தாளில் எழுதி பாஸ்போர்ட்டோடு வைத்துவிடுங்கள்.

விண்டோஸ் எழுந்துவிட்டால் கமாண்ட் பிராம்ப்டை நிர்வாகி உரிமையோடு திறந்து எஸ், எஃப், சி என்று மூன்று எழுத்து, ஓர் இடைவெளி, முன்சாய்ந்த கோடு, அதை ஒட்டி ஸ்கேன்நவ் என்று (sfc /scannow) தட்டுங்கள். கெட்டுப்போன விண்டோஸ் கோப்புகளை அதுவே தேடி மாற்றும். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவெண்ட் வியூவரில் “கெர்னல் பவர் 41” என்று சிவப்பில் பார்த்துவிட்டுப் பவர் சப்ளையை வாங்க ஓடாதீர்கள். ஒழுங்காக அணையாமல் கணினி நின்றது என்பதை மட்டுமே அந்த வரி சொல்கிறது, ஏன் நின்றது என்பதைச் சொல்வதில்லை. “டிஸ்க் 7” என்று இருந்தால்தான் கவலைப்படவேண்டும். டிஸ்கில் கெட்ட பகுதி உருவாகியிருக்கிறது.

டிஸ்க் சாகும்போது

சுழலும் டிஸ்கில் “டிக், டிக்” என்று சீரான சத்தம் கேட்டால், கணினியை அணைத்துவிட்டு யோசியுங்கள். ஒவ்வொரு நிமிட ஓட்டமும் மீட்கக்கூடியதைக் குறைக்கிறது. சத்தம் இல்லை, மெதுவாக இருக்கிறது, அடிக்கடி உறைகிறது என்றால் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச புரோகிராமில் பாருங்கள். நீலம் நலம், மஞ்சள் எச்சரிக்கை, சிவப்பு ஆபத்து. மஞ்சள் வந்த அன்றே படங்களையும் ஆவணங்களையும் வேறு டிஸ்கில் நகலெடுங்கள். டிஸ்கைச் சரிசெய்யும் செக் டிஸ்க் கட்டளையை அதற்கு முன் ஓட்டாதீர்கள். அது டிஸ்கின் ஒவ்வொரு மூலையையும் படித்து அலசும். சாகும் டிஸ்கை அந்த உழைப்பே முடித்துவிடும்.

விண்டோஸ் எழவே இல்லை, ஆனால் டிஸ்க் சத்தமின்றி ஓடுகிறது என்றால் 8 ஜிபி பென் டிரைவில் உபுண்டு என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு அதிலிருந்து கணினியை எழுப்பலாம். நிறுவவேண்டாம்; “முயன்று பார்” என்ற தேர்வு போதும். உங்கள் கோப்புகள் எல்லாம் சாதாரண ஃபோல்டர்களாகத் தெரியும், வெளி டிஸ்குக்கு இழுத்துப் போடலாம். பிட்லாக்கர் பூட்டியிருந்தால் மேலே சொன்ன 48 இலக்கம் இங்கேயும் வேண்டும். நகலெடுக்கும்போது குடும்பப் படங்களை முதலிலும், சினிமா, பாடல் என மறுபடி இறக்கக்கூடியவற்றைக் கடைசியிலும் எடுங்கள். டிஸ்க் பாதியில் நின்றாலும் வேண்டியது வந்திருக்கும்.

ஏழு, எட்டு வருடக் கணினி, சுழலும் டிஸ்க், டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் எப்போதும் 100 விழுக்காடு என்றால் செலவு செய்யத் தகுந்த ஒரே பொருள் எஸ்எஸ்டி என்ற சுழலாத டிஸ்க். ரேமைக் கூட்டுவதைவிட அது பத்து மடங்கு நிம்மதி தரும். ஆனால் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. அந்தக் கணினி விண்டோஸ் 11ஐ ஏற்குமா என்று பார்த்துவிட்டுச் செலவு செய்யுங்கள்.

அரைமணி நேரம் ஓடி அணைந்தால்

அது பெரும்பாலும் சூடு. ப்ராசஸர் ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்கும் மேல் போனால் அணைத்துக்கொள்ளும். ஏர்கோன் இல்லாத அறையில் பிற்பகல் 33 டிகிரி இருக்கும்போது தூசு அடைத்த காற்றாடியால் தாக்குப்பிடிக்க முடியாது. தகட்டைத் திறந்து, காற்றாடி இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, பிளோவரால் அடியுங்கள். பிடிக்காமல் அடித்தால் அதிவேகமாகச் சுழன்று பேரிங் கெடும். கார் கழுவும் கடைக் காற்றில் தண்ணீர் கலந்து வரும், அது வேண்டாம். சாமி மேடைக்குப் பக்கத்தில் கணினி இருந்தால் ஊதுபத்திப் புகையும் சாம்பிராணியும் தூசை எண்ணெய்ப் பசையாக்கி ஒட்டவைத்திருக்கும். அதற்குப் பிரஷும் ஐசோபுரொப்பில் ஆல்கஹாலும் தேவை. முழுக்கக் காய்ந்த பிறகே ஆன் செய்யுங்கள். பிறகும் சூடு குறையாவிட்டால் ப்ராசஸர் மேல் சூட்டை வாங்கும் உலோகப் பாகமான ஹீட் சிங்கைக் கழற்றி, இரண்டுக்கும் நடுவில் காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட் பசையைத் துடைத்து, பட்டாணி அளவு புதிதாக வைத்து மாட்டுங்கள்.

கடைக்குக் கொண்டுபோகும்போது

கோலாலம்பூரில் லோ யாட் பிளாசாவுக்குப் போனாலும் சரி, பினாங்கில் கொம்தார் பக்கம் போனாலும் சரி, “ஹேங் ஆகுது” என்று சொல்லாமல் தாளில் எழுதியதைச் சொல்லுங்கள். “காற்றாடி சுற்றுது அண்ணே, டிரேம் விளக்கில் நிக்குது, ரேம் இரண்டையும் தனித்தனியா மாத்திப் பாத்தாச்சு” என்றால் கடைக்காரர் நேராகப் போர்டுக்குப் போவார். சோதனைக் கட்டணம் எவ்வளவு, பழுது பார்க்காவிட்டாலும் அது உண்டா என்று முதலில் கேளுங்கள். டிஸ்கை அழிக்கக்கூடாது என்று ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். ரேமின் அளவு, டிஸ்கின் சீரியல் எண் இரண்டையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கோளாறு டிஸ்கில் இல்லை என்று உறுதியானால் டிஸ்கைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடலாம்.

திரும்ப வாங்கும்போது கடையிலேயே ஆன் செய்து பத்து நிமிடம் ஓடவிடுங்கள். செட்டிங்ஸில் ரேம் அளவைப் பாருங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். புதிய பாகத்தின் உத்தரவாத அட்டையில் கடை முத்திரையும் தேதியும் விழவேண்டும். காசு வாங்கிக்கொண்டு வேலை சரியாகச் செய்யாத கடை, பேச்சுக்கும் மசியாவிட்டால் மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி மனு கொடுக்கலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே கேட்பார்கள், வழக்கறிஞர் தேவையில்லை. அதற்கும் அந்த ரசீதும் படங்களும்தான் வேண்டும்.